குளிக்கும் முன் குளித்துவிட்டு வரவும்

சத்தியம்! கடைவீதி மாரியம்மன் மேல் சத்தியம், இந்த டீக்கடை பாய்லர் மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கிற பல் அத்தனை மேலும் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், அதோ நிற்கிற மேட்டுப்பாளையம் பஸ் என் மேலேயே ரிவர்ஸ் எடுக்கட்டும். மாஸ்டர் சிரிக்கிறான், அவனைப் பார்க்காதீங்க தம்பி. அவன் சத்தியத்தை நம்பாதவன். அதனால்தான் அவன் டீ இப்படி இருக்கிறது.

உட்காருங்க. "தண்டபாணி காட்டேஜுக்கு எந்த வழி, அங்கே ஒரு சுடுதண்ணித் தொட்டி விலைக்கு இருக்காமே" என்று நீங்கள் மாஸ்டரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. விழாமல் எப்படி இருக்கும்? அதுக்காகத்தானே விடிந்ததிலிருந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் தொட்டியை வாங்காதீங்க. ஏன் என்று சொல்கிறேன். அவசரமில்லையே? அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது.

என் பேர் நாச்சிமுத்து. இந்தக் கோத்தகிரியில் காரட் மண்டித் தரகு பார்த்தே தலை நரைத்தவன். மூட்டையை அவிழ்க்காமல், மேலே ஒரு தட்டுத் தட்டி, அடியில் அழுகல் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை நான் தட்டின தட்டில் உள்ளே இருந்த காரட்டெல்லாம் பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்து நின்றது. சத்தியம்தான் பண்ணியாச்சே, மறுபடி எதுக்கு.

தண்டபாணி என் மச்சினன். என் வீட்டுக்காரி துளசிமணியின் கூடப்பிறந்த தம்பி. என் வீட்டிலிருந்து படியேறினால் அவன் வீடு. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு வாங்கியவன். வீட்டை ஒட்டி மூணு ரூம் கட்டி டூரிஸ்ட்டுக்கு விட்டான். பக்கத்துக் காட்டேஜ்காரன் நெருப்பு மூட்டி, கிட்டார் வாசிக்க ஆள் வைத்துவிட்டான். இவனுக்குப் பொறுக்கவில்லை. போன சித்திரையில் என்னிடம் வந்தான்.

"மாமா, நாம ஒரு சுடுதண்ணித் தொட்டி வெக்கலாமுங்க. குளிர்ல வெளியே உட்கார்ந்துட்டு மலையைப் பாத்துக்கிட்டே ஊறலாம். நீங்கதான் வந்து பாத்து எடுத்துக் குடுக்கோணும்."

'நாம' என்றான். அந்தச் சொல்லை முடிஞ்சு வெச்சுக்குங்க தம்பி. பின்னாடி வேணும்.

கோயமுத்தூரில் கடை. நான், தண்டபாணி, துளசிமணி மூணு பேரும் போனோம். துளசிமணிக்கு வலது முட்டி தேய்ந்துபோச்சு. நடந்தால் நிலக்கடலை உடைக்கிற சத்தம் வரும். அவள் வீட்டுக்குள் எங்கே இருக்கிறாள் என்று நான் தேட வேண்டியதே இல்லை. காதைத் தீட்டினால் போதும்.

கடைக்காரப் பையன் முதலில் மரத்தொட்டியைக் காட்டினான். பெரிய பீப்பாய். உள்ளே இறங்க ஏணி. துளசிமணி ஏணியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்தது பைபர் தொட்டி. வழுக்கையன் தலை மாதிரி மின்னியது. அதை இறக்க கிரேன் வேணுமாம். எங்கள் படிக்கட்டில் கேஸ் சிலிண்டர் தூக்குகிறவனே எங்கள் வம்சத்தை ஏசிக்கொண்டுதான் ஏறுகிறான், கிரேன் எங்கிருந்து வரும்? மூணாவதுதான் காத்தடிக்கிற தொட்டி. சுருட்டினால் மூட்டை, ஊதினால் தொட்டி. பக்கத்தில் ஒரு பெட்டி. தண்ணியைச் சூடாக்குவது, வடிகட்டுவது, குமிழி விடுவது எல்லாம் அந்தப் பெட்டிதான்.

நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். நல்ல சரக்கு.

"தண்ணி சூடாக எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு ராத்திரி போதும் சார்."

"கோத்தகிரியிலே?"

பையன் யோசித்தான். "ஒரு ராத்திரி, ஒரு பகல் சார்."

உண்மை பேசுகிறவன். நாலு பேர் தொட்டி போதும் என்றான் தண்டபாணி. "மாப்ளே, அது விளம்பரத்துல நிக்கிற ஒல்லிக்குச்சிக கணக்கு. நம்ம ஆளுக நாலு பேர் உட்கார்ந்தா தண்ணி வெளியே நிக்கும். ஆறு பேர் தொட்டியா எடு" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு மூணு பேரும் அந்தக் காய்ந்த தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தோம். துளசிமணி ஒரு கையை என் தோளில் ஊன்றி, காலைத் தூக்கி, சுலபமாக உள்ளே வைத்துவிட்டாள். காலை நீட்டினாள். கண்ணை மூடினாள்.

"இது போதுங்க" என்றாள்.

சோறு போடும்போது நான்தான் போதும் என்பேன். அவள் வாயில் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். கடைக்காரர் காப்பி வரவழைத்தார். தொட்டிக்குள்ளேயே குடித்தோம்.

தண்டபாணி வீட்டு முற்றத்தில் காரட் சாக்குகளை மடித்து விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்தோம். எல்லாம் என் யோசனை. அடியிலே சாக்கு இருந்தால் தரைக்குளிர் ஏறாது. ஆனி ஆடிச் சாரலில், பனி இறங்கி எதிரில் இருக்கிற ஆள் முகம் தெரியாது, கழுத்து வரைக்கும் சுடுதண்ணி. முதல் நாள் நான் இறங்கியதும் என் உடம்பில் குடியிருந்த வாயு மொத்தமும் பயந்து வெளியேறி, சத்தியமங்கலம் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே அன்றைக்குப் பல பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாகக் கேள்வி. துளசிமணி தினம் காலையில் படியேறுவாள். ஒரு மாசத்தில் கடலைச் சத்தம் குறைந்தது. இரண்டாம் மாசம் அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் தேட வேண்டியதாகிவிட்டது.

ஆவணியில் என் சம்பந்தி வந்தார். கோபிக்காரர், மஞ்சள் வியாபாரி, அர்த்தநாரி என்று பேர். வாயைத் திறந்தால் நையாண்டி. அவர் அசந்துபோகட்டும் என்று, இடுப்பில் துண்டோடு, "வாங்க சம்பந்தி, நம்ம தொட்டியைப் பாருங்க" என்று கூட்டிக்கொண்டு மேலே போனேன். சம்பந்தியம்மா, என் மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் பின்னால். தொட்டி மூடியை நகர்த்தினேன். ஒரு காலைத் தூக்கினேன்.

"மாமா" என்றான் தண்டபாணி. "குளிச்சுட்டு வாங்க."

"குளிக்கத்தானடா வந்திருக்கறேன்?"

"இல்லீங் மாமா. மொதல்ல பைப்புல சோப்புப் போட்டு குளிச்சுட்டு, அப்புறம் இதுல உட்காரோணும். இத்தனை நாள் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். வேர்வை, சோப்பு, எண்ணெய், எதுவும் தண்ணியில கலக்கக் கூடாது. மெசினு போயிருமுங்க."

தூக்கின கால் தூக்கினபடி நிற்கிறேன் தம்பி, கொக்கு மாதிரி. சம்பந்தி என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் சம்பந்தி, உங்க ஊர்ல குளிக்கறதுக்கு முன்னாடி குளிக்கோணுமாட்ட இருக்குதே. அப்ப அந்தக் குளியலுக்கு முன்னாடி?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். என் பேரன் சிரித்தான். துளசிமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அது சிரிப்பில்லை, இருமல் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

கோபியில் ஒரு காதுகுத்து விருந்து. நான் பந்தியில் உட்காருகிறேன், அர்த்தநாரி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "குளிக்காத சம்பந்திக்கு இலை போடுங்கப்பா" என்கிறார். மேட்டுப்பாளையம் தாண்டி, சிறுமுகை தாண்டி, கோபி வரைக்கும் என் பேர் நாறிப்போச்சு. போதாததுக்கு தண்டபாணி ஒரு போர்டு எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டினான்: 'குளிக்கும் முன் குளித்துவிட்டு வரவும்.' பச்சைத்தண்ணி பைப்பைக் காட்டி ஒரு அம்புக்குறி. டூரிஸ்ட்டுக்காகவாம். அம்பு யார் நெஞ்சைப் பார்த்து நின்றது என்று எனக்குத் தெரியாதா?

'நாம' என்றவன் தம்பி! முடிஞ்சு வெச்சுக்கச் சொன்னேனே, அதை இப்போ அவிழுங்க.

அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டேன். நான் அந்தத் தண்ணியில் கால் வைக்க மாட்டேன். அவனையும் நிம்மதியாக வைக்க விடமாட்டேன். டூரிஸ்ட்டு தொட்டியில் உட்கார்ந்திருக்கும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அந்த உருளைக்கிழங்கு வேகவைக்கிற அண்டாவுல யாரு உட்கார்ந்திருக்கறது?" என்று கேட்பேன். இரண்டு குடும்பம் ஓடிச்சு. ஆனால் அதெல்லாம் சில்லறை. எனக்கு மொத்தமாக வேண்டியிருந்தது. அப்போதுதான் அவன் சொன்னது ஞாபகம் வந்தது. எண்ணெய் கலக்கக் கூடாது. எதிரி தன் உயிர் எங்கே இருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டான்!

காத்திருந்தேன். தீபாவளி வந்தது. அவன் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கினார்கள். நான் படியேறிப் போனேன். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன், கழுத்து வலித்தது.

"மாப்ளே, நடந்தது நடந்துபோச்சு. இந்த வருசம் உங்க எல்லாருக்கும் எண்ணெய் நான் காய்ச்சித் தர்றேன். ஊரெல்லாம் குண்டாவுல மொண்டு ஊத்திக்கும். உங்க வீட்லதான் கங்கையே குத்தவெச்சு உட்கார்ந்திருக்குதே, எண்ணெய் தேச்சுட்டு அதுல இறங்குங்க."

"எண்ணெயோட எப்படிங் மாமா? மொதல்ல பைப்புல குளிச்சுட்டுத்தான..."

"எண்ணெய்க் குளியலுக்கு முன்னாடி குளிக்கறவன் பூலோகத்துல உண்டாடா? எண்ணெய் வெச்ச தலையில பைப்புத் தண்ணி பட்டா ஜன்னி வந்துரும். பேரனுக்கு ஜன்னி வந்தா நான் பொறுப்பில்லை."

அவன் போர்டைப் பார்த்தான். பேரனைப் பார்த்தான். மருமகள், "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்றாள். நல்ல பெண். நல்லா இருக்கட்டும். அதோடு முடிந்தது. கூட்டுறவு சங்கத்துக்காரன் எந்த விதியை வேண்டுமானாலும் காட்டுவான். தீபாவளி எண்ணெயை எந்த விதியைக் காட்டி மறுப்பான்?

நல்லெண்ணெயில் மிளகு, ஓமம், வெற்றிலை கிள்ளிப் போட்டுக் காய்ச்சினேன். சீயக்காயும் நானே அரைத்துக் கொடுத்தேன். அதில் பூந்திக்கொட்டை கொஞ்சம் தாராளம். கொஞ்சம் என்றால், சீயக்காயைவிடத் தாராளம்.

விடியற்காலை. புது வேட்டி கட்டிக்கொண்டு என் வேலி ஓரம் நின்றேன். மேலே குடும்பமே எண்ணெயில் மின்னிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கியது. தலையில் சீயக்காய் தேய்க்கிற சத்தம். யாரோ ஒரு குழந்தை குமிழிப் பொத்தானை அமுத்தியது.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! நுரை எழும்பியது தம்பி. பால் பொங்குகிற மாதிரி இல்லை. பாற்கடல் பொங்குகிற மாதிரி. தொட்டி தெரியவில்லை, வீடு தெரியவில்லை, மாடித் தண்ணி டேங்க் மேலே இருந்த டிஷ் ஆண்டெனா மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. நுரை படி வழியாக இறங்கி, என் வீட்டைத் தாண்டி, ரோட்டுக்குப் போனது. குன்னூர் பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் வெள்ளையைப் பார்த்துவிட்டு டூரிஸ்ட்டெல்லாம் பனிமழை, பனிமழை என்று ஸ்வெட்டரோடு ஓடிவந்து போட்டோ எடுத்தார்கள். அந்தப் பெட்டி இருக்கிறதே, வயதான காளை மாதிரி இருமியது, செருமியது, சீயக்காயாக ஒரு ஏப்பம் விட்டது, அடங்கியது. நான் என் மீசையைத் தடவிக்கொண்டேன். 'இப்போ குளிச்சுட்டு வாடா மாப்ளே' என்று நினைத்தேன்.

அப்போதுதான் நுரைக்குள்ளிருந்து ஒரு சத்தம். தொப்பென்று. அதைத் தொடர்ந்து துளசிமணியின் குரல்.

அவள் அங்கே இருப்பாள் என்று தெரியும். முறுக்குத் தட்டோடு தம்பி வீட்டுக்குப் போனவளைப் போகாதே என்று சொல்ல முடியுமா? சொன்னால் என் திட்டம் வெளியே வந்துவிடும். பிள்ளைகள் குளிக்கிறதை வேடிக்கை பார்ப்பாள், இறங்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவளும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். வெளியே வரும்போது காலை வைத்தது டைல்ஸ் மேலே. வழுவழு டைல்ஸ்! சிமெண்ட் தரையாக இருந்தால் வழுக்குமா? தப்பு யார் மேலே, நீங்களே சொல்லுங்க. டைல்ஸ் போட்டவன் மேலே.

எண்ணெய் காய்ச்சினது யாரா? அது வேற பேச்சு.

அந்த நுரைக்குள்ளிருந்து அவள் என்ன கத்தினாள் தெரியுமா? "நாச்சிமுத்தூ!" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் என் பேர் வந்ததில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லுவாள். விழுந்த வலியிலும் என்னைத்தானே கூப்பிட்டாள், அம்மாவைக் கூப்பிடவில்லையே! அவ்வளவு பாசம்.

அன்றைக்கு மேலேயே படுத்தவள்தான், இந்தத் தை வரைக்கும் இறங்கவில்லை. படியில் கால் வைக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம், தண்டபாணி சொல்கிறான். எனக்கு விஷயம் தெரியும். எதிரி வீட்டுக்குள் நம்ம ஆள் ஒருத்தர் இருக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். உளவு பார்க்கிறவர்கள் பேச மாட்டார்கள், அதனால் என்னிடம் பேசுவதில்லை. தினம் போன் பண்ணுவேன். மணி அடித்ததும் கட் பண்ணிவிடுவாள். உடனே கட் பண்ணினால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் தாமதமாகக் கட் பண்ணினால் அன்றைக்கு முழுதும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கரடியை விட்டுவிட்டேனே! எங்கள் ஊர்க் கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். விளக்கில் இருக்கிற எண்ணெய்க்காகக் கோயில் கதவையே பெயர்க்கும், மாஸ்டரைக் கேளுங்க. தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம், நல்லெண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தது. தொட்டிச் சுவரை நக்கியது. ருசித்தது போலிருக்கிறது, உள்ளே இறங்கியது. முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விளிம்பில் போட்டு உட்கார்ந்துவிட்டது, அசல் எங்கள் சம்பந்தி மாதிரி. நான் வேலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்டபாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கரடியைப் பார்த்து 'குளிச்சுட்டு வா' என்று சொன்னானா? சொல்லவில்லை தம்பி! போர்டைக் காட்டினானா? காட்டவில்லை. கரடிக்கு ஒரு நியாயம், அக்கா புருஷனுக்கு ஒரு நியாயம்.

அந்தக் கரடிக் கதையை ஊர் பூராவும் நான்தான் பரப்பினேன். கொஞ்சம் கூட்டித்தான் பரப்பினேன். அதோடு காட்டேஜுக்கு ஆள் வருவது நின்றது.

என்ன, தொட்டியில் கரடி நகம் பட்டிருக்குமே என்கிறீர்களா? ஒரு கீறல் இல்லை, நான் தேர்ந்தெடுத்த சரக்காச்சே! தண்டபாணி வடிகட்டியைப் புதுசாகப் போட்டான், தண்ணி மாற்றி மாற்றிக் கழுவினான். இப்போ முன்னைவிட நன்றாகவே ஓடு... இல்லை, ஓடவில்லை. நான் ஓடுகிறது என்றா சொன்னேன்? ஓட்டை என்று சொல்ல வந்தேன். பூரா ஓட்டை. வாங்காதீங்க.

சரி, கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். போன வாரம் தண்டபாணி படியிறங்கி வந்தான். வாசலிலேயே நின்றான். "மாமா, காட்டேஜை மூடறேன். கட்டில், மெத்தை எல்லாம் போயிருச்சு. தொட்டி மட்டுந்தான் பாக்கி. விக்கற வரைக்கும் அக்கா கால் அதுல ஊறட்டும்னு வெச்சிருக்கறேன். அது போன அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டு கோயமுத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போயிருவோமுங்க."

"போயிருவோம்னா? யாரு யாரு?"

"அக்காவும்தான். அங்க படி இல்லீங்க."

"அவ சொன்னாளா?"

"உங்களையும் வரச் சொல்லலாம்னு அக்காகிட்டக் கேட்டேனுங்க" என்றான். அப்புறம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புரிகிறதா தம்பி அவன் சூழ்ச்சி? அவன் கோயமுத்தூர் போய்விட்டால் நான் யாரைப் பழிவாங்குவேன்? இந்த வயதில் ஒவ்வொரு பழிக்கும் மலையிறங்க முடியுமா? எனக்கு முதல் வளைவிலேயே வாந்தி வரும். என் பழி இன்னும் பாதிகூடத் தீரவில்லை. அவன் இங்கேதான் இருக்க வேண்டும். என் கண்ணெதிரே, அந்தத் தொட்டியோடு, ஆயுசு பூராவும்! தொட்டி இருந்தால் அவன் இருப்பான். அவன் இருந்தால்... சரி, எல்லாரும் இருப்பார்கள்.

உங்களுக்கு முன்னாடி ஊட்டியிலிருந்து ஒருத்தர் வந்தார். அவரிடம் தொட்டிக்குள் பாம்பு முட்டையிட்டிருக்கிறது என்றேன், திரும்பிவிட்டார். குன்னூர்க்காரரிடம் அதில் பிணத்தைக் குளிப்பாட்டினார்கள் என்றேன், டீயைக்கூடக் குடிக்காமல் போனார். நீங்கள் படித்தவர், நல்ல முகம், அதனால் உங்களிடம் மட்டும் முழு உண்மை.

இன்றைக்கு இன்னும் போன் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் இந்நேரம் துளசிமணி கட் பண்ணியிருப்பாள்.

அதோ உங்கள் பஸ், ஹாரன் அடிக்கிறான். ஏறிக்குங்க. டீக்காசு நான் கொடுத்துக்கொள்கிறேன். தண்டபாணிக்குப் போன் பண்ணி, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லிவிடுங்க. யார் தடுத்தது என்று மட்டும் மூச்சு விடாதீங்க. தொட்டியைப் போகவிடாமல் நிறுத்தினது நான் என்று தெரிந்தால், மாமா தோற்றுவிட்டார் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பை மட்டும் அவனுக்குக் கொடுக்கக் கூடாது.

தம்பி, தம்பி, ஒரு நிமிஷம். போனை அவளே எடுத்தாலும் எடுப்பாள். எடுத்தால், முட்டி எப்படி இருக்கிறதென்று ஒரு வார்த்தை...

வேண்டாம். கேட்காதீங்க. கேட்டால் யார் சொல்லியனுப்பியது என்று தெரிந்துபோகும்.